தேயிலை அடைத்த டயர்

புது ரப்பர் வாசனை அடித்தால் எனக்குத் தேநீர் ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள். போன மாதம் பதுளையில் ஒரு டயர்க் கடைக்குள் கால் வைத்ததும் அந்த வாசனை குப்பென்று வந்தது. கூடவே யாரோ உள்ளே பெரிய அண்டாவில் தேயிலைச் சாயம் காய்ச்சுகிற மாதிரி ஒரு மணமும் எழுந்தது. கடையில் அண்டாவும் இல்லை, சாயமும் இல்லை. எல்லாம் என் மூக்கின் வேலை. இந்த வயதில் கண்ணும் காதும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, மூக்கு மட்டும் எதையும் மறக்காமல் வைத்திருக்கிறது.

நாங்கள் போனது எங்கள் பழைய மொரிஸ் மைனர் காருக்கு நாலு டயர் எடுக்க. எங்கள் கார் என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். அது என் வீட்டுக்காரருடையது. பதுளை டவுனுக்குள் கோயில் வரைக்கும், சந்தை வரைக்கும் நானும் ஏறுவேன். அப்புத்தளைப் பக்கம் வண்டி திரும்புகிறது என்றால் நான் பஸ்தான். இது ஐம்பது வருடத்துப் பழக்கம்.

எங்கள் மகள் ஹல்துமுல்லையில் இருக்கிறாள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். தீபாவளி, பொங்கல், பேத்தியின் பிறந்தநாள் என்று எது வந்தாலும் நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவோம். அவர் காரில், நான் பஸ்ஸில். பல தடவை பஸ் அவரை முந்திவிடும். நான் ஜன்னல் வழியாகக் கை காட்டுவேன். அவர் பார்க்காத மாதிரி நேரே பார்த்து ஓட்டுவார். பஸ்ஸிலும் நான் ஒன்றும் நிம்மதியாகப் போவதில்லை. அப்புத்தளை தாண்டி வண்டி இறங்கத் தொடங்கினால் என் வலது கால் தன்பாட்டில் தரையை அழுத்தும், நான்தான் பிரேக் பிடிக்கிற மாதிரி. அப்படி அழுத்தியே இரண்டு தடவை செருப்பு வார் அறுந்திருக்கிறது.

இந்த வருடம் மகள் புது வீடு கட்டி முடித்தாள். போனில் ஒரே போடாகப் போட்டாள்.

"அம்மா, நீங்களும் அப்பாவும் ஒரே வண்டியில வந்து எறங்கினாத்தான் பால் காய்ச்சுவேன். இல்லாட்டி அடுப்பே பத்த வைக்க மாட்டேன்."

"பாப்போம்" என்றேன். ஆனால் அன்றைக்கு முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. காரின் டயர்களைப் போய்ப் பார்த்தேன். ஓடாமல் நின்று நின்று பக்கமெல்லாம் வெடிப்பு. "டயர் மாத்தினா யோசிக்கலாம்" என்றேன். மறுநாள் காலையிலேயே மனுசன் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

கடைக்காரர் நல்ல மனிதர். ஸ்டூல் எடுத்துப் போட்டார். என் வீட்டுக்காரர் உட்காரவில்லை. "அசல் மாதிரியே வேணும். ஒடுக்கமா, ஒசரமா. பழைய காருக்கு அதுதான் அழகு" என்றார்.

"அது கொழும்புக்குச் சொல்லி வச்சுத்தாங்க எடுக்கணும். வரும். ஆனா மழையில பிடிப்புக் கம்மி. இந்த ரேடியல் போடுங்க ஐயா, ஒங்க ரிம்முக்குச் சரியா நிக்கும். இல்லாட்டி ஜப்பான்ல கழட்டி வந்தது நாலு கெடக்கு, பாக்கப் புதுசு மாதிரியே இருக்கும்."

அந்த ஜப்பான் டயர்கள் உண்மையிலேயே புதுசு மாதிரித்தான் பளபளத்தன. கோடுகள் ஆழமாக இருந்தன. இவர் தடவித் தடவிப் பார்த்தார். எனக்கு மனசு ஒப்பவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முழங்கால் வலியோடு குந்தி உட்கார்ந்து, டயரின் பக்கத்தில் சின்னதாக அச்சடித்திருந்த நாலு எண்ணைத் தேடிப் பிடித்தேன். முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் அது செய்த வருடம். இதை மருமகன் சொல்லி அனுப்பியிருந்தார். முப்பது வருடம் கணக்குப் படிப்பித்தவளுக்கு இது பெரிய காரியமா?

"தம்பி, இந்த டயர் எங்க பேத்திக்கு மூத்தது. வேணாம், எடுத்து வைங்க."

கடைக்காரர் சிரித்துவிட்டார். இவர் மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு டயருக்கு இத்தனை பாடா என்று நீங்கள் நினைக்கலாம். எங்களுக்கு நடந்ததைக் கேட்டால் நினைக்க மாட்டீர்கள்.

அப்போது நாங்கள் ஹல்துமுல்லைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். இவர் தொழிற்சாலையில் டீமேக்கர். கொழுந்து தூளாகும் வரைக்கும் எல்லாப் பதமும் இவர் மூக்கில்தான் முடிவாகும். நான் தோட்டப் பள்ளிக்கூட டீச்சர். ஊரைவிட்டுப் போன வெள்ளைக்காரத் துரை ஒருவரிடம் இவர் அந்தக் காரை வாங்கியிருந்தார். கைப்பிரேக் வேலை செய்யாது. மேட்டில் நின்றால் யாராவது குதித்து, சில்லுக்குப் பின்னால் ஒரு மரக்கட்டையைச் செருக வேண்டும். கல்யாணமாகி வந்த எனக்கு அந்த வீட்டில் கிடைத்த முதல் உத்தியோகம் அதுதான். பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கட்டையும் கையுமாகக் குதித்த புதுப்பெண் இந்த ஊவா மாகாணத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எழுபதுகள். சாப்பிடுகிற பாணுக்கே வரிசையில் நின்ற காலம், டயருக்கு எங்கே போவது? கிழிந்ததைத் தைத்து, தைத்ததை ஒட்டி, மொட்டை டயரில்தான் ஊரே ஓடியது. ஸ்பெயார் வீல் என்ற ஒன்று எங்களிடமும் இருந்தது. ஆனால் அது ஏற்கனவே முன்சில்லாக வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்குத் தலைப்பிரசவம். ஒருநாள் காலைப் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு ஆட்கள் மலைக்கு வேலைக்குப் போன நேரம், வலி எடுத்தது. தோட்டத்து மருத்துவச்சி முத்தம்மாக்கா வயிற்றைத் தொட்டுப் பார்த்ததும் முகம் மாறினாள்.

"புள்ள கால நீட்டிக்கிட்டு வருது ஐயா. இங்க வச்சுப் பாக்க முடியாது. பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க."

என்னைப் பின்சீட்டில் படுக்க வைத்தார்கள். முத்தம்மாக்கா என் தலையை மடியில் வைத்து, ஒரு கையில் மரக்கட்டையையும் பிடித்துக்கொண்டாள். மழை தூறியது. பெரகலைச் சந்திக்கு ஏறுகிற பாதையில் ஒரு வளைவு, ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் அதலபாதாளம். அங்கேதான் பின்டயர் வெடித்தது. வண்டி பள்ளத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. கண்ணாடியில் மரம், பாறை எதுவும் தெரியவில்லை, வெறும் பனிமூட்டம்தான் தெரிந்தது. நான் செத்தேன் என்றே நினைத்தேன். என் வலது கால் முன்சீட்டை உதைத்துக்கொண்டு அப்படியே விறைத்து நின்றது. எப்படியோ வண்டி நின்றது. முத்தம்மாக்கா குதித்துக் கட்டையைப் போட்டாள்.

டயர் ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்து கிடந்தது. டியூப் துண்டு துண்டு. வேறு வண்டி எதுவும் வருவதாகத் தெரியவில்லை.

"மானாப்புல்லப் புடுங்கி அடைங்கையா, போயிரலாம்" என்றாள் முத்தம்மாக்கா. வெடித்த டயருக்குள் புல்லை அடைத்து ஓட்டுவது எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். இவர் கேட்கவில்லை. டிக்கியில் இரண்டு சாக்குக் கழிவுத் தேயிலை இருந்தது. என் ரோஜாச் செடிக்கு உரம் போட வேண்டும் என்று ஒரு வாரமாக நான் நச்சரித்ததில் கொண்டுவந்து, இறக்க மறந்தது.

"புல்லு நசுங்கிப் போகும். தேயிலை ஈரம் பட்டா ஊதும். உள்ளுக்குள்ள எறுகிக் கல்லு மாதிரி நிக்கும் பாரு" என்றார். டீமேக்கர் அல்லவா!

சில்லைக் கழற்றி, கம்பியால் நெம்பி, இரண்டு சாக்கையும் திணித்தார். பிளவுக்கு உள்ளே சாக்குத் துணியை மடித்து வைத்தார். நான் வலியில் அவரையும் திட்டினேன், அவர் பரம்பரையையும் திட்டினேன். நடுவில், ஐயோ ரோஜாவுக்கு உரம் போயிற்றே என்றும் ஒரு நினைப்பு ஓடியது. மனித மனசு என்ன ஜென்மமோ!

கொஞ்ச தூரத்துக்கு அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. தேயிலை ஊதியது, வண்டி நொண்டாமல் ஓடியது. "பாத்தியா?" என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். ஆனால் ஊதின தேயிலை அடுத்து என்ன செய்யும் என்பதை, போயும் போயும் ஒரு டீமேக்கர் மறந்துவிட்டார். ரோட்டுத் தண்ணீர் உள்ளே போக, ரப்பர் சூடேற, டயருக்குள் சாயம் இறங்கத் தொடங்கியது. பிளவு வழியாகக் கருஞ்சிவப்பாக ஒழுகியது. சுட்ட ரப்பரும் தேநீரும் கலந்த அந்த வாசனையை முகர்ந்துகொண்டேதான் நான் அப்புத்தளை வரைக்கும் வந்தேன். டவுனுக்குள் நுழையும்போது சாயமும் சக்கையும் எல்லாம் ரோட்டில். ரிம் தார் ரோட்டில் கிறீச்சிட்டது.

ரோட்டில் சிந்திய சக்கையைப் பார்த்து ஒரு பொலிஸ்காரர் கை காட்டி நிறுத்தினார். பர்மிட் இல்லாமல் தேயிலை கொண்டுபோகக் கூடாது என்பது சட்டம். சிங்களவர், தமிழைக் கடித்துக் கடித்துப் பேசினார்.

"தேயிலை கொண்டு போறது? பர்மிட் எங்கே?"

"டயருக்குள்ளதான் சார்" என்றார் இவர், முழங்கை வரைக்கும் சாயத்தோடு. வேறென்ன சொல்வார், பாவம்?

பொலிஸ்காரர் குனிந்து சில்லைத் தொட்டு விரலை மோந்து பார்த்தார். அந்த நேரம் நான் அலறினேன். உள்ளே எட்டிப் பார்த்தவர் பர்மிட்டை மறந்தார். நடு ரோட்டில் போய் நின்று, கோவாவும் மரக்கறியும் ஏற்றிப் பதுளைக்குப் போன ஒரு லொறியை மறித்தார். அதில் தூக்கி ஏற்றும்போது அத்தனை வலியிலும் நான் அதன் டயரைத்தான் பார்த்தேன். புத்தம் புதுசு. கும்பிட வேண்டும் போல இருந்தது.

பின்னேரம் மகள் பிறந்தாள். யாழ்ப்பாணத்து டொக்டர் ஒருவர் கைகழுவிக்கொண்டே, "பயப்பிடாதேங்கோ, ரெண்டு பேரும் சுகம்" என்றார். இன்னும் அந்தக் குரல் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு அந்தப் பாதையில் நான் அந்தக் காரில் ஏறவில்லை. ஏன் என்று இவர் கேட்டதுமில்லை, நான் சொன்னதுமில்லை.

போன மாதம் அந்த டயர்க் கடையில்தான் அதைப் பற்றி அவர் முதல்முறை வாயைத் திறந்தார்.

"அசலும் வேணாம் ஒன்னும் வேணாம். நீ ஏறி ஒக்காருற மாதிரி நீயே பாத்து எடு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த மொட்டை டயரோட ஒன்னய ஏத்துனது என் தப்புத்தான் டீச்சர். இத்தன வருசமா அதுக்குத்தானே நீ..." என்று முடிக்காமல் விட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த மனுசன் ஐம்பது வருடமாக இப்படியா நினைத்துக்கொண்டிருந்தார்?

"ஐயோ, ஒங்க மேல எனக்கு என்னங்க கோவம்? அந்த வளைவுதாங்க எனக்குப் பயம். நீங்க இல்லாட்டி அன்னைக்கே நாங்க ரெண்டு பேரும் பள்ளத்துல."

அவர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தார். கடைக்காரர் நல்ல மனிதர் என்று சொன்னேனே, சாமான் தேடுகிற மாதிரி உள்ளே போய்விட்டார்.

ரேடியல்தான் எடுத்தோம். நாலிலும் எண்ணைப் பார்த்தேன், எல்லாம் இந்த வருடத்தது. பூட்டி முடித்து, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, எங்கும் உரசவில்லை என்று காட்டினார் கடைக்காரர். கார் கொஞ்சம் தடித்த மாதிரித் தெரிந்தது. "நாம மட்டும் தடிக்கலையா?" என்றார் இவர்.

பால் காய்ச்சுகிற நாள் காலையில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். கைப்பிரேக் பிடிக்கிறது. அந்த மரக்கட்டை இப்போது எங்கள் சமையலறைக் கதவுக்கு முட்டு. பண்டாரவளை தாண்டும்போது மழை வந்தது. அப்புத்தளையில் நின்று வாழைப்பழம் வாங்கினோம். அதன் பிறகு சமையல்காரர் பேச்சு வந்தது. விருந்துக்கு மகள் பிடித்திருந்த ஆள், போன தடவை சாம்பாரைக் கெடுத்தவன். அவனை நான் ஒரு பிடி பிடித்துக்கொண்டே வந்தேன். திடீரென்று நினைவு வந்தது.

"ஏங்க, அந்த வளைவு இன்னும் வரலையே?"

"எந்த வளைவு?"

"அதாங்க."

"அது போயி எம்புட்டு நேரமாச்சு. பாறைய ஒடச்சு ரோட்ட அகலமாக்கிட்டாங்கல்ல. நீ சமையல்காரன வைஞ்சுக்கிட்டு இருந்தே, நான் குறுக்க பேசல."

திரும்பிப் பார்த்தேன். மழையில் நனைந்த நல்ல அகலமான ரோடு. வேறு ஒன்றுமில்லை. குனிந்து என் காலைப் பார்த்தேன். எதையும் அழுத்தாத வலது காலின் செருப்பு எப்போதோ கழன்று ஒரு ஓரமாகக் கிடந்தது.