தெள்ளு கடித்த கால்

இதைச் சொல்ல இன்னும் வெட்கமாக இருக்கிறது. ஒரு கோடையில் தெள்ளுப்பூச்சி கடித்து என் வீட்டுக்காரரால் தறியில் உட்கார முடியவில்லை. எங்கள் வீட்டுப் பூனையிடமிருந்துதான் வந்தது என்று நினைத்து, "தெள்ளு இன்னொருத்தரக் கடிச்சுதுன்னா பூனைய தென்னேரி ஏரிக்கரைல விட்டுட்டு வந்துடுவேன்" என்றார். பூனை போய்விடுமே என்று என் காலிலிருந்த தடிப்புகளைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டேன்.

ஒருநாள் அவர் பார்த்துவிட்டார். உடனே தறியில் கால் வைக்கும் குழிக்குள் இறங்கித் தேடினார். செத்த எலி கிடந்தது. தெள்ளு அதிலிருந்துதான் பரவியிருக்கிறது. எலியைப் புதைத்துவிட்டு, பேன்சீப்பால் பூனையை வாரினார். பிறகு மருந்தோடு என் காலருகே உட்கார்ந்தார்.

"ஐயோ, நீங்க என் காலத் தொடறதா?"

"வாரறப்ப பூனையே சும்மா உடம்பக் காட்டிக்கினு இருந்துது. உனக்கு இன்னாமா வெக்கம்?"

கண்ணை மூடிக்கொண்டு காலை நீட்டினேன். "பூனை?" என்றேன்.

"அது எங்க போவும்? இங்கயே இருந்து எலி புடிக்கக் கத்துக்கட்டும்."

அறுந்த பட்டிழையை முடிச்சிடுவதுபோல் மெதுவாக மருந்தைத் தடவினார். அந்தக் கை என்னையும் அப்படித் தொடும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.