ஏழுமலையின் முகத்தைத் தேடிப் போன நாள்

சனிக்கிழமை, காலை 6.40. பெரும்பாக்கம்.

மலர், குமரன், பிள்ளைகளே, நீங்கள் எழுவதற்கு முன்பே கேமராப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். எங்கே போகிறேன் என்று உங்களிடம் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. இப்போது எழுதுகிறேன்.

ஊரூர் குப்பத்தில் ஏழுமலை என்று எனக்கொரு சிநேகிதர். கடல் தொழில் செய்பவர். போன மாதம் அவர் தங்கை மகளுக்குக் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில்தானே குழந்தையை உட்கார வைப்பார்கள். உட்கார்ந்தவர் ஏழுமலை, படம் எடுத்தவன் நான். அது நடந்து பத்து நாளில், வலையைக் கரையில் போட்டுவிட்டு உட்கார்ந்தவர் எழவில்லை. நெஞ்சு வலி. நாளை பதினாறாம் நாள் காரியம். உறவுக்காரர்கள் முன்னால் படத்தைத் திறந்து மாலை போட வேண்டும். வீட்டில் படம் இல்லை. கல்யாணப் படம் மழை வெள்ளத்தில் ஊறிப் போயிற்று. யாராவது போனை நீட்டினால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பெரிய கேமரா என்பதால்தான் அன்று எனக்கு உட்கார்ந்தார்.

அவர் மனைவி தேசம்மா போனில் சொன்னது: "ஆதார் கார்டுல திருடன புடிச்சாந்த மாதிரி முறைச்சிக்கினு கீறாருண்ணா. அத்த பெருசு பண்ணி மாட்டுனா புள்ளைங்க அந்தப் பக்கமே வராதுங்க. நீ எடுத்தியே, அத்த குடு."

நான் எடுத்தது கேமராவுக்குள்ளேயே இருந்தது. கேமராவோ ஆயுத பூஜைக்கு மறுநாளிலிருந்து படம் எடுக்க மறுத்தது. பொத்தானை அழுத்தினால் திரையில் பிழை என்று வரும். பேட்டரியை மாற்றினேன்; அணைத்துப் போட்டேன்; பயனில்லை. நம் தெருமுனைக் கடையில் மெமரி கார்டைக் கம்ப்யூட்டரில் செருகினால், எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கவா என்று கேட்டது. அந்தத் தம்பி அழுத்தப் போனார். நான் கார்டைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அன்று செய்த ஒரே நல்ல காரியம் அது.

பேருந்தில் பையை மடியில் வைத்துக்கொண்டேன். கண்டக்டர் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா சார், ஷூட்டிங்கா? இந்த வண்டி கோடம்பாக்கம் போவாது."

"மயிலாப்பூர் ஒண்ணு குடுங்க, ரிப்பேருக்குப் போறேன்" என்றேன். அதற்குமேல் அவர் கேலி செய்யவில்லை.

காலை 9.15. மயிலாப்பூர்.

இருபது கிலோமீட்டருக்கு மேல். நெரிசலில் இரண்டு மணி நேரத்துக்கும் அதிகம் ஆயிற்று. லஸ் முனையிலிருந்து உள்ளே போகும் சந்தில் அன்வர் பாய் கடை. இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் தெருவில் நிற்க வேண்டும். பாய் லென்ஸைத் திருகிக் கழற்றினார். அது கேமராவோடு சேரும் இடத்தில் பொன் நிறத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள் உண்டு. அவற்றின் வழியாகத்தான் லென்ஸும் கேமராவும் பேசிக்கொள்ளுமாம். பாய் விளக்கடியில் பார்த்தார், விரலால் தொட்டார், மோந்து பார்த்தார்.

"நைனா, இது இன்னா வாசன? சந்தனமா?"

நான் தலையைக் குனிந்தேன். பூஜையன்று லென்ஸைத் தனியே கழற்றி வைத்து, கேமராவுக்கு ஒரு பொட்டு, லென்ஸுக்கு ஒரு பொட்டு வைத்தேன். கார்டும் உழைக்கிறதே என்று அதையும் வெளியே எடுத்து ஒரு பொட்டு. பிறகு எல்லாவற்றையும் அப்படியே மாட்டிவிட்டேன்.

"கார்டுக்குமா!" பாய் நெற்றியில் அடித்துக்கொண்டார். "கல்யாணப் பொண்ணா இது, பொட்டு வெச்சி மணையில குந்த வெக்க? ஈரத்தோட உள்ள தள்ளி ஸ்விட்ச்சும் போட்டுக்கீற. பூஜ போடு, யார் வேணாங்கறது? பை மேல போடு. இதுங்க ரெண்டும் சோறு துண்ற வாய் மாதிரி. வாய்ல போயி மண்ண அடைப்பியா?"

ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து ஒவ்வொரு புள்ளியாகத் துடைத்தார். கார்டின் முனையையும் துடைத்தார். கேமரா உயிர் பெற்றது. எனக்குக் கை பரபரத்தது. சரியாகிவிட்டதா என்று பார்க்க, கடை வாசலைப் பார்த்து ஒரு படம் எடுக்கப் போனேன். பாய் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தக் கார்டுல இப்ப ஒண்ணு எடுத்தீன்னா, அது உன் சிநேகிதன் மேலதான் ஏறி குந்திக்கும். அப்பால அவர எந்த ஆண்டவனும் எடுத்துக் குடுக்க முடியாது."

கார்டுக்குள்ளே பார்த்தால் ஒரு படமும் தெரியவில்லை. வெறும் கேள்விக்குறிகள். பாய் தி.நகரில் ஒரு விலாசம் எழுதிக் கொடுத்து, முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார்.

காலை 11.30. தி.நகர்.

நாலைந்து கிலோமீட்டர்தான். உஸ்மான் சாலையில் பேருந்தை விட்டு இறங்கி, ஜவுளிப் பைகளுக்கு நடுவே பக்கவாட்டாகத்தான் நடக்க முடிந்தது. மூன்றாவது மாடியில் பிரியா என்ற பெண், கெட்டுப்போன கார்டுகளிலிருந்து படங்களை மீட்கிறார்.

"அண்ணா, வந்தா வரும். வரலன்னா என்னைத் திட்டக் கூடாது" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

மூன்று மணி நேரம் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன். திரையில் பந்தல் வந்தது, வாழை இலை வந்தது, யாருடைய செருப்போ வந்தது. ஏழுமலை வரவில்லை. கடைசியில் இரண்டே படங்களில் வந்தார்.

முதல் படத்தில் அழகாகச் சிரிக்கிறார். ஆனால் முகம் கலங்கித் தெரிகிறது. அன்று லென்ஸின் பக்கவாட்டில் உள்ள சின்னப் பொத்தான் கையால் திருகும் நிலைக்கு நகர்ந்திருந்ததைக் கவனிக்காமல் எடுத்துவிட்டேன். கேமரா தானாகவே தெளிவாக்கிக்கொள்ளும் என்று நம்பினேன். நான்தான் திருகியிருக்க வேண்டும். "இதைத் தெளிவாக்க முடியுமா?" என்று கேட்டேன். பிரியா முடியாது என்று தலையாட்டினார். "எடுக்கும்போது விட்டது விட்டதுதாண்ணா."

இரண்டாவது படம் கண்ணாடி போலத் தெளிவு. மார்புக்குக் கீழே படம் இல்லை, வெறும் சாம்பல் நிறம். மடியில் இருந்த குழந்தை போய்விட்டது. முகம் மட்டும் முழுதாக இருக்கிறது. காதில் ஊசி இறங்கிய நொடி அது. ஏழுமலை வாயைக் கோணிக்கொண்டு அழுகிறார்.

மாலை போடும் படத்தில் செத்தவர் அழலாமா? எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் சின்ன அளவில் அச்சடித்து வாங்கிக்கொண்டேன்.

பிற்பகல் 4.10. ஊரூர் குப்பம்.

அடையாறு வழியாகப் பெசன்ட் நகர் போய், கடைசி நிறுத்தத்திலிருந்து கடலோரமாக நடந்தேன். தேசம்மா வீட்டு வாசலில் துணிப்பந்தல் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவரிடம் முதலில் சந்தனக் கதையைச் சொன்னேன். படம் பாதியாய்ப் போனதற்கு நான்தான் காரணம் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

"நீ வேணும்னா செஞ்ச? குடு பாப்பம்."

சிரிக்கும் படத்தைப் பார்த்தார். முந்தானையால் அதைத் துடைத்தார். கறை என்று நினைத்துவிட்டார் போலும். துடைத்தும் போகவில்லை. பிறகு மற்றதைப் பார்த்தார். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"அழுவறாரா இவுரு?"

"ஆமாம்மா. பாப்பாவுக்கு ஊசி இறங்குனப்ப."

"எங்க மாமியா செத்தப்ப கூட அழுவலண்ணா. என்னாண்டயும் காட்டல. உன் கேமராவாண்ட காட்டிக்கீறாரே." சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

அப்புறம் தன் தம்பியைக் கூப்பிட்டு, சிரிக்கும் படத்தைக் கையில் கொடுத்தார். "டேய், இத்த பெருசு பண்ணி சட்டம் போட்டு எத்துனு வா."

"அக்கா, மூஞ்சே தெர்ல."

"தூரத்துல நிக்கறவனுக்கு எல்லா மூஞ்சும் அப்டித்தான் தெரியும். போடா."

அழும் படத்தை அவர் யாரிடமும் கொடுக்கவில்லை. மடித்தால் கெட்டுவிடும் என்று, குடும்ப அட்டை வைக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் செருகி, உள்ளே கொண்டுபோய்விட்டார்.

கிளம்பும்போது, "நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும்?" என்று கேட்டு, பழக்கத்தில் பையைத் தொட்டுக் காட்டினேன்.

"அது எதுக்கு? வூட்லயே வெச்சிட்டு வா. பந்தில குந்தி சாப்புடு. அவருக்குத் தெரிஞ்சவனா வாண்ணா."

மாலை 5.30. திரும்பும் பேருந்து.

அந்தக் குப்பத்தில் எத்தனையோ விசேஷங்களுக்குப் போயிருக்கிறேன். ஒரு நாளும் பந்தியில் உட்கார்ந்ததில்லை. படம் எடுத்து முடிப்பதற்குள் இலை எடுத்துவிடுவார்கள். நம் பெரும்பாக்கத்தில் பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூட எனக்குப் பாதிதான் தெரியும். அங்கே எனக்காக ஓர் இலை போடச் சொல்லியிருக்கிறார்கள்.

நாளை ஞாயிறு, உங்களுக்குப் பள்ளி இல்லை. நீங்களும் என்னோடு வாருங்கள். காலை ஏழு மணிக்குக் கிளம்புவோம்.