வெள்ளச்சி பாஸான விதம்

கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூர். அங்கே கல்யாணமாகி வந்த வெள்ளச்சிக்கு ஓர் எழுத்தும் தெரியாது. புருஷன் மாதன் இரண்டாம் வகுப்பு வரை போனவன். அந்தப் படிப்பில் மிச்சமிருந்த ஒரே எழுத்தை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தான். அது ‘க’. “கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுல க போட்ட வண்டி ஏறு, மலையடிவாரம் கச்சிராயபாளையத்துல எறக்கி வுட்டுடுவான்” என்றான். தனக்குத் தெரிந்தது உலகத்துக்கே போதும் என்று நினைக்கும் ஆண்பிள்ளைகளுக்கு எந்த ஊரில் பஞ்சம்?

புளி விற்கப் போனவள் திரும்பும்போது ‘க’ போட்ட வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். யாரையும் கேட்கவில்லை. எழுத்து தெரிந்தவள் எதற்குக் கேட்க வேண்டும்? அது கடலூர் வண்டி. கூட்டத்தில் கண்டக்டர் அவளிடம் வந்து சேர்வதற்குள் தியாகதுருகம் வந்துவிட்டது. “மலைலேந்து எறங்கி வந்துட்டா போதுமா, போர்டு படிக்கத் தெரிய வேணாமா” என்று சொல்லி இறக்கிவிட்டான். பஸ்ஸே சிரித்தது. மலைக்குப் போகும் கடைசி வண்டி போய்விட்டது. மாமியாரிடம் விட்டு வந்த கைக்குழந்தை பாலில்லாமல் விடியும்வரை கத்தியது. இவள் மார் கட்டிப்போய் மறுநாள்தான் வீடு சேர்ந்தாள். பிள்ளையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். ‘க’வுக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொண்டே தீருவது என்று அன்றைக்கு முடிவு செய்தாள்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பெரியவர்களுக்கு எழுத்து சொல்லித் தர ஒரு திட்டம் மலையேறி வந்தது. பத்தாவது முடித்திருந்த உள்ளூர் ராமன்தான் வாத்தியார். சாமை குத்திய கையோடு வெள்ளச்சி முதல் ஆளாக வந்து உட்காருவாள். பாடம் எழுத்து வரிசைப்படிதான் போகும், ஓர் எழுத்தையும் தாண்டக் கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. உயிரெழுத்துகள் முடிவதற்குள் மழைக்காலமே முடிந்தது. பிறகு ‘க’ வந்தது, அது அவளுக்குத் தெரிந்ததுதான். அதற்கடுத்து ‘ங’. ஒன்றிரண்டு வசவுகளைத் தவிர இந்த எழுத்தில் தொடங்கும் பேச்சு மலையிலும் கிடையாது, கீழேயும் கிடையாது. அதற்கு ஒரு வாரம் செலவழித்தார்கள்.

“அடுத்தது இன்னாண்ணா?” என்று கேட்டாள்.

“ச. கச்சிராயபாளையத்துல க-வுக்கு அடுத்தாப்ல வருதே, அது. கடலூருக்கு ட வரும். ச தெரிஞ்சுதுன்னா நீ பொழைச்சுக்குவ.”

“அதெ இப்பவே காட்டேண்ணா.”

“பக்கம் வரட்டும்” என்றான் ராமன். உத்தரவுக்கு அவ்வளவு பயம்.

பக்கம் வருவதற்குள் காசிநாதன் வந்துவிட்டார். தியாகதுருகத்துக்காரர், திட்டத்தின் மதிப்பீட்டு அதிகாரி. வாயைத் திறந்தால் தரம், மூடினால் தரம். ஒரு பத்தியைத் திக்காமல் வாசிக்க வேண்டும், சொந்தமாக ஒரு கடிதம் எழுத வேண்டும், நூற்றுக்கு எழுபது எடுத்தால்தான் எழுத்தறிவு பெற்றவர் என்று கோடு கிழித்துக்கொண்டு வந்தார். ஊரில் ஒருவரும் இருபதைத் தொடவில்லை. ‘ங’ வரைக்கும் படித்தவர்கள் யாருக்கு என்ன கடிதம் எழுதுவார்கள்? இன்னும் ஆறு மாதம் வகுப்பு நடக்கும் என்று ராமன் சொன்னான். வெள்ளச்சிக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. பரீட்சையில் தோற்றுவிட்டுச் சந்தோஷப்பட்டவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

ஆனால் அந்த ஊர் முழு எழுத்தறிவு பெற்றுவிட்டது என்று அறிவிக்க மேலே நாள் குறித்தாகிவிட்டது. பந்தல்காரனுக்கும் சொல்லியாகிவிட்டது. காசிநாதன் தரத்தை விட்டுக் கொடுக்கவில்லை, அவர் கொள்கைக்காரர். எழுபது எழுபதாகவே இருந்தது. எதற்கு எழுபது என்பதைத்தான் மாற்றினார். பத்தி போய் வரியானது, வரி போய் ஒரு சொல்லானது. அந்தச் சொல்லையும் முதலில் அவரே முணுமுணுப்பார், திருப்பிச் சொன்னால் வாசித்த கணக்கு. கடிதம் போய்க் கையெழுத்தானது. மாடு தாண்டவில்லை என்று வேலியைப் பிடுங்கிப் படுக்கப் போட்டுவிட்டு, தாண்டிவிட்டது என்று கைதட்டுகிற ரகம். ராமன் எழுதிக் கொடுத்த பெயரை எல்லாரும் கோலம் பழகுவதுபோல் வரைந்து பழகினார்கள். ஊருக்கே எழுபத்திரண்டு மதிப்பெண்.

பந்தலில் வெள்ளச்சிக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள். மறுநாள் வகுப்புக்குப் போனால் கரும்பலகையைக் காணோம். எல்லாரும் எழுத்தறிவு பெற்றுவிட்ட ஊரில் வகுப்பு எதற்காம். ராமன் வேலை தேடி வெளியூர் போய்விட்டான்.

வெள்ளச்சி கள்ளக்குறிச்சிக்கு இறங்கி, வழி கேட்டுக் கேட்டுத் திட்ட அலுவலகத்துக்குப் போனாள்.

“சார், என்னெ பெயிலாக்கிடுங்க.”

காசிநாதன் கண்ணாடியைக் கழற்றினார். “இன்னாம்மா சொல்ற?”

“எனக்கு ங வரிக்கும்தான் தெரியும். ச வரல. பெயில்னு போட்டா திரும்பவும் வகுப்பு நடக்குமாம், ராமண்ணன் சொல்லிச்சு.”

“பாஸ் போட்டது போட்டதுதாம்மா. தரம்னு ஒண்ணு இருக்குதுல்ல.”

“ச மட்டும் போதுங்க. ஜாஸ்தி கேக்கல.”

“மார்க்கெ மாத்தணும்னா மனு எழுதித் தரணும். ஒன் கையால. வேற யார்னா எழுதினா செல்லாது.”

“எழுதத் தெரிஞ்சா நான் ஏன் சார் இங்க வரப் போறேன்?”

“எழுதத் தெரியாதவங்க எழுபத்திரண்டு எடுக்க முடியாதும்மா” என்று பொறுமையாக விளக்கினார். நிஜமாகவே பொறுமையாகத்தான். அந்த மனிதரிடம் சகிக்க முடியாதது அதுதான்.

வந்து போனதற்கு நோட்டில் ஒரு கையெழுத்துப் போடச் சொன்னார். வெள்ளச்சி குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒரு வளைவும் பிசகாமல் தன் பெயரை வரைந்தாள். ‘வெள்ளச்சி’யில் ‘ச’ இரண்டு தடவை இருக்கிறது. ஒன்று புள்ளியோடு, ஒன்று கொக்கியோடு. அவள் மலையிறங்கி வந்து கேட்ட எழுத்து அவள் கைக்கடியிலேயே மை காயாமல் கிடந்தது. விரலை நீட்டி இதுதான் என்று காட்டினால் போதும்.

காசிநாதன் பார்த்தார். “நல்லாத்தான் போட்ற. எழுபத்திரண்டு சும்மாவா” என்று சொல்லி நோட்டை மூடினார்.