கியரில் இறங்கினால்

வட்டவடை ஜீப் ஸ்டாண்டில் ஏசுரத்தினத்துக்கு எரிச்சல் வராத நாள் கிடையாது. ஆனால் இந்த வருஷம் வந்த எரிச்சல் வேறு ரகம். கேரட் மூட்டையும் ஆளுமாக மூணாறுக்கு ஓடித் தேய்ந்த அவருடைய டீசல் ஜீப்புக்கு இந்த மழையோடு ஆயுள் முடிகிறது. ஆர்.டி.ஓ. ஆபீசில் இனி பதிவைப் புதுப்பித்துத் தர மாட்டார்களாம். மாட்டுப்பட்டிப் பக்கம் ஒரு ஹோட்டல், விருந்தாளிகளை ஏற்றி இறக்கும் ஓட்டத்தை அவருக்குத் தருவதாகச் சொல்லியிருந்தது. ஆனால் புகை விடாத வண்டி வேண்டும். அது கிடைக்காவிட்டால் இந்த வயதில் அடுத்தவன் வண்டிக்குக் கூலி டிரைவர்தான்.

எந்த வண்டி வாங்கலாம் என்று கேட்டால் ஆளுக்கொரு பேச்சு. கேஸ் வண்டி என்றான் ஒருவன். கேஸ் அடிக்க மலையிறங்கிப் போய்த் திரும்பி ஏறுவதற்குள் பாதி தீர்ந்துவிடாதா? சாராய ஸ்பிரிட் கலந்த பெட்ரோல்தான் இனி எல்லாம் என்றான் இன்னொருவன்.

"மனுசன் குடிச்சிட்டு ஓட்டுனா போலீஸ் புடிக்கி. வண்டி குடிச்சா நாட்டுக்கு நல்லதாம்லா" என்று எரிந்து விழுந்தார் ஏசுரத்தினம்.

ஹைட்ரஜன் வண்டி புகைக்குப் பதில் தண்ணீர்தான் விடும் என்று செல்போனில் காட்டினான் சந்துரு, அதே ஸ்டாண்டில் ஜீப் ஓட்டும் பிள்ளைகுட்டிக்காரன். எப்போது இங்கே வரும் என்றதற்கு, "வரும் அண்ணாச்சி" என்றான். வரட்டும், கல்லறையிலிருந்து எழுந்து வந்து ஓட்ட வேண்டியதுதான்.

மிஞ்சியது கரண்ட் வண்டி. விற்கும் கம்பெனியின் ஆள் ஜின்சன் ஒன்றைக் கொண்டுவந்து ஒரு நாள் ஓட்டத்துக்கு விட்டான். ஆளும் சாமானும் ஏற்றி, ஒரே சார்ஜில் மூணாறுக்கு இரண்டு நடை போய்த் திரும்பிவிட்டால் ஓட்டம் ஏசுரத்தினத்துக்கு என்று ஹோட்டல் மேனேஜர் சொல்லியிருந்தார்.

"சேட்டா, எறக்கத்துல மாத்ரம் ஒரு காரியம்..." என்று ஆரம்பித்தான் ஜின்சன்.

"முப்பது வருசமா எறங்குற மலை. எனக்கு எறக்கம் சொல்லித் தராத தம்பி."

ஜின்சன் சாவியை நீட்டிவிட்டு நகர்ந்தான்.

வண்டி சத்தமில்லாமல் ஏற்றம் ஏறியது. அவருக்கே பிடித்துப்போயிற்று. டாப் ஸ்டேஷன் தாண்டி இறக்கம் வந்ததும் கை தானாகப் போய் நியூட்ரலில் விட்டது. இந்த மலையில் யாரும் அப்படித்தான் இறக்குவார்கள். சும்மா உருளுகிற வண்டிக்குத் தீனி எதற்கு? போகும்போதும் வரும்போதும், இறக்கம் வந்த இடமெல்லாம் நியூட்ரல்தான்.

இரண்டாவது நடை திரும்புகையில், எல்லப்பட்டி ஏற்றத்தில் சார்ஜ் தீர்ந்து வண்டி படுத்துவிட்டது. எஸ்டேட் டிராக்டர் கயிறு கட்டி இழுத்தது. கொழுந்து கிள்ளிவிட்டு வந்த பெண்கள் நின்று சிரித்தார்கள். வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று ஹோட்டல் மேனேஜர் போனை வைத்துவிட்டார்.

"என்ன எழவு வண்டிய குடுத்திருக்க?" என்று ஜின்சனிடம் பாய்ந்தார்.

"எறக்கத்துல நியூட்ரல்ல விட்டோ?"

"பின்ன? சார்ஜ மிச்சம் புடிக்க வேண்டாமா?"

"அய்யோ சேட்டா. கியர்லயே எறங்கினா சக்கரம் சுத்துறதுல பேட்டரிக்கு சார்ஜ் ஏறும். நியூட்ரல்ல ஒண்ணும் ஏறாது. அதான் ஞான் அப்பவே சொல்ல வந்தது."

இந்தத் தடவை திட்டுவதற்குத் தன்னைத் தவிர வேறு ஆள் இல்லை.

வீட்டுக்குச் சந்துருவின் ஜீப்பில்தான் போனார். வட்டவடை இறக்கம் தொடங்கியதும் சந்துரு நியூட்ரலில் விட்டான்.

"ஹோட்டல்ல என்னைக் கூப்புட்டாங்க அண்ணாச்சி" என்றான் தயங்கித் தயங்கி. "நாளைக்கு அதே வண்டிய நான் ஓட்டிக் காட்டணுமாம். தப்பா நெனைக்காதீங்க."

ஏசுரத்தினம் மனதுக்குள் கணக்குப் போட்டார். பேசாமல் இருந்துவிட்டால் போதும், நாளை இவனும் எல்லப்பட்டியில் படுத்துவிடுவான். மறுபடி தன்னையே கூப்பிட்டாலும் கூப்பிடுவார்கள். வளைவுகள் ஒவ்வொன்றாகக் கழிந்தன.

"கியர்ல போடு" என்றார்.

"எதுக்கு அண்ணாச்சி? டீசல்லா வீணாவும்."

"போடுன்னா போடுல. இப்பவே கைக்குப் பழகட்டும். நாளைக்கு எந்த எறக்கத்துலயும் நியூட்ரலத் தொட்ட, கையை ஒடிச்சிருவேன்."