தினம் ஒரு கேள்வி

அவள் கணவர் லேத் பட்டறையில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். அந்த இரைச்சலில் பேச்சு எடுபடாது, கை ஜாடையில்தான் வேலை நடக்கும். பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. தண்ணீர் வேண்டுமென்றால் விரல் டம்ளரைக் காட்டும். சாப்பாடு போதுமென்றால் உள்ளங்கை எழும். பட்டறையில் அவருக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். அவள் பேச்செல்லாம் தான் வேலை பார்த்த பேக்கரியில், ரொட்டி நறுக்கி உறை போடும் மேசையைச் சுற்றித்தான். வேலையை விட்டதும் அதுவும் நின்றது.

"இவரோட பேசுறதுக்குச் சுவத்தோட பேசலாம்டி, அதுவாவது எதிரொலி குடுக்கும்" என்பாள் தங்கையிடம்.

அவர் அடுப்பில் பாலை வைத்துவிட்டு இரண்டு முறை மறந்தார். ஒருநாள் இறங்க வேண்டிய நிறுத்தம் தெரியாமல் பஸ்ஸில் கடைசி நிறுத்தம் வரை போய்விட்டார். அதன்பிறகுதான் ஆஸ்பத்திரி மூன்றாம் மாடியில் இருந்த ஞாபக மறதிப் பிரிவுக்குப் போனார்கள். பன்னிரண்டு புதன்கிழமைகள், துணைக்கு ஒருவர் கூட வரவேண்டும். ரத்த அழுத்தம் பார்த்தார்கள், நடைகூடத்தில் நடக்கவிட்டார்கள், காதுக்குக் கருவி மாட்டினார்கள்.

"மறதி நோய் வராமலே தடுத்துடலாம்னு சொல்லமாட்டேம்மா, தள்ளிப்போடப் பார்க்கலாம்" என்றார் சிஸ்டர். "ஐயா, உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். தினம் சாயங்காலம் அம்மாவைப் பத்தி உங்களுக்குத் தெரியாத ஒண்ணைக் கேட்டு நோட்டுல எழுதுங்க. புதன்கிழமை நோட்டைப் பார்க்காம எனக்குச் சொல்லணும்."

"தெரியாததா?" என்றார் அவர்.

"அப்ப ஒரு நோட்டு பத்தாது சிஸ்டர்" என்றாள் அவள்.

அன்று சாயங்காலம் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, இரும்பில் அளவெடுக்க வந்தவர் போல எதிரே உட்கார்ந்தார்.

"சின்ன வயசுல நீ என்னவா ஆகணும்னு நெனச்ச?"

"டிரைவரா. பெரிய வண்டி ஓட்டணும்னு."

நிமிர்ந்து பார்த்தார். "சொல்லவே இல்லையே?"

"நீங்க கேட்டாத்தானே."

பிறகு தினமும் ஒன்று. விசிலடிக்க யார் கற்றுக்கொடுத்தது, பெண் பார்க்க வந்த அன்று அவரைப் பற்றி என்ன நினைத்தாள் என்று ஏதாவது. நாலாவது வாரத்துக்குள் அவள் ஐந்தரைக்கே வேலையை முடித்து முகம் கழுவிவிட்டு உட்கார ஆரம்பித்தாள். மருந்து அவருக்கு, நேரம் பார்த்துக் காத்திருப்பவள் தானா என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் காத்திருந்தாள்.

பன்னிரண்டாவது புதன் சிஸ்டர் சிரித்த முகமாகச் சொன்னார்: "நல்லா தேறியிருக்கார். இனி ஆறு மாசம் கழிச்சு வந்தாப் போதும்."

"இன்னும் கொஞ்ச வாரம் வரோமே" என்றாள் அவள்.

"வரிசையில நிறைய பேர் இருக்காங்கம்மா. வீட்லயே தொடருங்க." நோட்டு ஃபைலோடு அங்கேயே தங்கிவிட்டது.

வியாழக்கிழமை ஐந்தரைக்கு முகம் கழுவி உட்கார்ந்தாள். அவர் பேப்பர் படித்தார். விரல் டம்ளரைக் காட்டியது. வெள்ளியும் அப்படியே, சனியும் அப்படியே. நினைவூட்ட வாயெடுத்தாள். கேட்டு வாங்கினால் அது என்ன பேச்சு என்று அடக்கிக்கொண்டாள்.

ஞாயிறு மாலை ஒன்றும் சொல்லாமல் வெளியே போனவர் ஒரு மணி நேரமாகியும் திரும்பவில்லை. வழி தவறிவிட்டாரோ என்று அவள் வாசலில் நின்றாள். புது நோட்டோடு வந்தார். எதிரே உட்கார்ந்து காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"சின்ன வயசுல நீ என்னவா ஆகணும்னு நெனச்ச?"

அவர் முகத்தையே பார்த்தாள். விளையாட்டு இல்லை. முதல் பக்கத்தை விரித்து, இதுவரை கேட்டே இராதவர் போலக் காத்திருந்தார்.

இதை முதல் நாளே கேட்டாயிற்று என்று நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் நோட்டு மூடிக்கொள்ளும். நாளைக்குக் காலையில் முதல் வேலையாகச் சிஸ்டருக்குப் போன் செய்ய வேண்டும். அது நாளைக்கு.

"டிரைவரா" என்றாள். "எங்க பேக்கரி ரொட்டி வண்டியை ஒருதடவை ஓட்டியும் பார்த்தேன். பத்தடி போறதுக்குள்ள சுவத்துல கொண்டுபோய் இடிச்சேன்."

இது அவள் யாரிடமும் சொல்லாதது. பென்சில் நின்றது.

"இடிச்சியா? அப்புறம்?"

அவள் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.