கண்டக்டரின் பகல்பொழுது

"விளையாட்டுப் பக்கம் யாருக்கு? கேட்டு வாங்கிக்குங்க. அப்புறம் கெடைக்கலைன்னு சொல்லக் கூடாது!"

செய்தித்தாளைத் தாள் தாளாகப் பிரித்து, விரலை ஈரப் பஞ்சில் தொட்டுத் தொட்டு, நூலகத்துக்கு வந்தவர்களிடம் விநியோகித்துக்கொண்டிருக்கிறார் கண்டக்டர். பேருந்தில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். கை சும்மா இருப்பதில்லை. எனக்கு வேலைவாய்ப்பு விளம்பரப் பக்கம். வேலை போய் அலைகிறவன் என்பது அவருக்குத் தெரியும். "இன்னிக்காவது எறங்குற எடம் வருதான்னு பாரு தம்பி" என்று முதுகில் ஒரு தட்டு தட்டுவார். எரிச்சலாக இருக்கும். தட்டாமல் போனால் அதைவிட எரிச்சலாக இருக்கும்.

யார் எழுந்தாலும் அவர் கையிலிருக்கும் தாளை வாங்கி அடுத்தவரிடம் கொடுத்துவிடுவார். மேஜைமேல் கவிழ்ந்து தூங்குகிறவரை "ஸ்டாப் வந்தாச்சு, ஸ்டாப் வந்தாச்சு" என்று எழுப்புவார். அடைக்கும் நேரத்தில் அத்தனை தாளையும் பக்க வரிசைப்படி அடுக்கி, நூலகர் அம்மாவின் மேஜையில் வைத்துவிட்டுத்தான் கிளம்புவார். ஆனால் ஒரு புத்தகத்தைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போனதில்லை.

"காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் இங்கயே கெடக்குறீங்களே, வீட்ல தேட மாட்டாங்களா?" என்று ஒரு நாள் கேட்டுத் தொலைத்தேன்.

தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தார். "ஒரு தடவ அடுப்புல பால வெச்சுட்டுக் கண்ணசந்துட்டேன். சமையல்கட்டே கரியாப் போச்சு. அதுலேர்ந்து பையனும் மருமகளும் வேலைக்குப் போறப்ப என்னையும் வெளிய விட்டுத்தான் வீட்டப் பூட்டுறாங்க. மருமக மேல தப்புச் சொல்ல மாட்டேன். எரிஞ்சது அவ வீடு இல்லியா?"

பகலில் பழைய டிரைவர் நண்பர் வீட்டில் இருப்பதாக மகனிடம் சொல்லி வைத்திருக்கிறார். அந்த டிரைவர் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. "உண்மையச் சொன்னா பையன் மனசு சங்கடப்படும். வேலைய விட்டுட்டு எனக்குக் காவலாவா உக்காருவான்?" புத்தகமும் கையுமாக வீட்டுக்குப் போனால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால்தான் எடுப்பதில்லை.

சென்ற மாதம் மேலிடத்து உத்தரவு வந்தது. இனி நண்பகலோடு நூலகத்தை மூடிவிட வேண்டும். புத்தகம் எடுத்துப் போகிறவர்கள் குறைந்துவிட்டார்களாம்.

"இங்க உக்காந்து படிக்கிறவங்கள அவங்க ஆளாவே எண்ணல ஐயா" என்றார் நூலகர் அம்மா. "நீங்க பேருக்கு ரெண்டு புத்தகம் எடுத்திருக்கலாம்."

கண்டக்டரின் முகம் செத்துப்போயிற்று. "அப்ப நான்தான் கெடுத்துட்டேனா மேடம்?"

அவர் என்ன கெடுத்தார், பாவம்! கெடுத்தவர்கள் வேறு. எதிர்த்து ஒரு கூட்டம் போடலாமென்று நானும் அவரும் வீடு வீடாக ஏறி இறங்கினோம். "நூலகம் அவசியம் வேணுங்க, கண்டிப்பா வந்துடறோம்" என்று சொல்லாத வாய் இல்லை. வந்தது கண்டக்டர், நான், மழைக்கு ஒதுங்கிய ஒருவர். மழை விட்டதும் அவரும் நடையைக் கட்டிவிட்டார். அந்தத் தெருவில் யார் முகத்தையும் பார்க்க எனக்கு இப்போது பிடிக்கவில்லை. அவர்களுக்கென்ன, சொந்த நாற்காலி, தலைக்குமேல் மின்விசிறி, சட்டைப்பையில் வீட்டுச் சாவி. எதையும் வாங்கச் சொல்லாமல் ஒரு மனிதனை உட்காரவிடும் இடம் ஊரில் வேறெங்கே இருக்கிறது என்று அவர்கள் ஏன் யோசிக்கப் போகிறார்கள்?

முதல் அரை நாள் வந்தது. நண்பகலில் எல்லோரும் கலைந்தபின், கண்டக்டர் நூலகர் அம்மாவின் மேஜையருகே போய் நின்றார்.

"மேடம், என்னை உள்ள வெச்சே பூட்டிடுங்க. சாயங்காலம் பெருக்குற அம்மா வந்து தொறக்குறப்ப நான் பாட்டுக்குப் போயிடறேன். லைட்டுகூடப் போட மாட்டேன்."

அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "உள்ள உங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, நான் யாருக்கு ஐயா பதில் சொல்றது? என் வேலையே போயிடும்."

"அட, சும்மா கேட்டேன் மேடம். வெளிய காத்தாட நடந்தா ஆச்சு" என்று சிரித்துக்கொண்டே நகர்ந்தார்.

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஜன்னல்களைச் சாத்த நூலகர் அம்மாவுக்குக் கைகொடுத்தேன். அவர் சாவிக்கொத்தோடு வாசலுக்குப் போனார். கடைசி ஜன்னலைச் சாத்தப் பின்பக்கம் போனால், சுவருக்கும் மூலை அலமாரிக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்திருக்கிறார் கண்டக்டர்.

"உள்ள யாராவது இருக்காங்களா தம்பி?" என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

என் முகத்தைப் பார்த்தபடியே, வெளியே நீண்டிருந்த இரண்டு கால்களையும் கண்டக்டர் மெதுவாக மடக்கி உள்ளே இழுத்துக்கொண்டார்.