இலுப்பை எண்ணெயில் ஓடிய பாவாவின் கார்

அக்காவின் கணவரை நான் பாவா என்று கூப்பிடுவேன். 1979-ல் அவரிடம் ஒரு வாடகைக் கார் இருந்தது. பழைய பெட்ரோல் வண்டி. அதன் இஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் இஞ்சின் பொருத்தியிருந்தார். திருத்தணி ரயில் நிலையத்தில் இறங்குகிறவர்களை மலைக்கு ஏற்றி இறக்குவதுதான் தொழில். அதற்கு முன் ஒன்பது வருடம் பள்ளிப்பட்டில் தன் அண்ணனின் விசைத்தறி ஷெட்டில் இருந்தவர். அண்ணன் நல்ல மனிதர். ஆனால் தம்பி டீ குடிக்க வெளியே போனாலும் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். கார் வந்த பிறகுதான் பாவா வீட்டில் சிரித்துப் பேச ஆரம்பித்தார் என்பாள் அக்கா.

அந்த ஆனியில் டீசலுக்குத் தட்டுப்பாடு வந்தது. என் டைரியில் ஆனி, ஆடி இரண்டு மாதத்திலும் ‘பாவா பங்க்கில்’ என்ற குறிப்பு பதினொரு முறை இருக்கிறது. விடியற்காலையில் போய் நின்றால் மதியம் அரை டேங்க் கிடைக்கும். கிடைக்காத நாட்களுக்குப் பக்கத்தில் ஒரு சுழி போட்டிருக்கிறேன். சுழிகள் ஐந்து.

பள்ளிப்பட்டிலிருந்து அண்ணன் சொல்லி அனுப்பினார்: “நாலு தறி சும்மா நிக்குது. வண்டிய வித்துட்டு வரச் சொல்லு.”

நான் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அரக்கோணம் நூலகத்துக்குப் போய்க் கையில் அகப்பட்டதையெல்லாம் படிப்பேன். அப்படி ஒரு பழைய விஞ்ஞானப் பத்திரிகையில், இந்த வகை இஞ்சினை அதன் ஆரம்ப காலத்திலேயே ஒரு பொருட்காட்சியில் கடலை எண்ணெய் ஊற்றி ஓட்டிக் காட்டினார்கள் என்று படித்தேன். பாவாவிடம் சொன்னேன்.

“கடலெண்ணெயா? அதுக்கு உங்க அக்காவ வடை சுட்டு விக்கச் சொல்லலாம் மச்சான். லாபமாவது வரும்.”

“கடலெண்ணெய் வேணாம் பாவா. இலுப்பெண்ணெய் இருக்குதே.”

அவர் சிரிப்பதை நிறுத்தினார். விளக்குக்கு எரிக்கும் எண்ணெய் அது. திருவாலங்காட்டுச் செக்கில் டின் டின்னாகக் கிடைத்தது, வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

மூன்று ஞாயிறு வேலை நடந்தது. டிக்கியில் எண்ணெய்க்கு ஒரு தனி டின். அதிலிருந்து வரும் செப்புக் குழாயை ரேடியேட்டரின் வெந்நீர்க் குழாய்மேல் சுற்றினோம். எண்ணெய் கெட்டியானது, சூடேறினால்தான் இளகி ஓடும். டீசலுக்கும் எண்ணெய்க்கும் மாற்றிக்கொள்ள ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு திருகு. எண்ணெயை வடிகட்ட அண்ணன் ஷெட்டிலிருந்து வந்த நெருக்கமான லுங்கித் துணியை நாலாக மடித்துக் கட்டினோம். டீசலில் கிளப்ப வேண்டும். இஞ்சின் சூடானதும் எண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்கு முன் மறுபடி டீசலுக்கு வந்து குழாயைக் கழுவிவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே தங்கும் எண்ணெய் ஆறி உறைந்துவிடும். ‘நிறுத்தும் முன் டீசல்’ என்று அட்டையில் எழுதிக் கண்ணாடிக்குக் கீழே நானே ஒட்டினேன்.

ஆவணி முதல் வண்டி ஓடியது. புகையில் வடை வாசனை. கும்பகோணத்து அம்மாள் ஒருத்தி, “கோயில் வாசனையா வருதே, உள்ள விளக்கு வெச்சிருக்கீங்களா?” என்று கேட்டாள். பாவா, “ஆங், இஞ்சின்லயே எரியுதும்மா” என்றார். நிலையத்து மற்ற டிரைவர்கள் அவரை ‘வடக்காரு’ என்று கூப்பிட்டார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மற்றவர்கள் பங்க்கில் நிற்கும்போது அவர் மலையில் இருந்தார்.

மார்கழியில் அண்ணன் ஒரு பேச்சை எடுத்தார். அவர் ஷெட்டு லுங்கி மூட்டைகள் வாரம் மூன்று நாள் அரக்கோணத்தில் ரயிலேற வேண்டும். தம்பி வண்டியை நம்பலாம் என்று தெரிந்தால் அந்த வாடகை தம்பிக்கு. இல்லையென்றால் தம்பி தறிக்கு. தை இரண்டாம் வாரம் பேத்திக்கு மொட்டையடிக்க மலைக்கு வருகிறேன், அன்று பார்த்துவிடலாம் என்றார்.

அன்றைக்கு டைரியில் ‘பனி’ என்று ஒரே சொல். நானும் முன்சீட்டில் இருந்தேன். பள்ளிப்பட்டிலிருந்து மலைக்கு எந்தக் குறையும் இல்லாமல் வந்தோம். கடைசி வளைவில் பாவா ஒழுங்காக டீசலுக்கு மாற்றித்தான் நிறுத்தினார். மொட்டை, தரிசனம் முடிந்து கிளம்பும்போது அண்ணன் கேட்டார்:

“ஊரெல்லாம் பேசிக்கினு இருக்காங்களே, இப்ப எதுலடா ஓடுது?”

“டீசல்லண்ணா.”

“டீசல்ல எவன் வேணா ஓட்டுவான். எண்ணெயில ஓட்டு, பாக்கறேன்.”

இஞ்சின் சூடாகும் வரை நின்று பாவா திருகை மாற்றினார். முதல் வளைவு வந்தது. எங்கள் மலை டிரைவர்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கம்: இறக்கம் தொடங்கியதும் இஞ்சினை அணைத்துவிட்டு, பிரேக்கை மட்டும் நம்பி அடிவாரம் வரை உருட்டிக்கொண்டு வருவார்கள். பாவாவின் கை தானாகவே போய் இஞ்சினை அணைத்தது. காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

“அட! சத்தமே இல்லியே!” என்றார் அண்ணன். “எண்ணெயில இவ்ளோ அமைதியா ஓடுமா?”

பாவா என்னைப் பார்த்தார். நான் அட்டையைப் பார்க்கவில்லை. அண்ணனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வாயால் ஒரு பாராட்டு வந்ததில் இரண்டு பேருமே திருகை மறந்தோம். பாவா, “ஆமாண்ணா” என்றார்.

அடிவாரத்தில் அண்ணன் இட்லி சாப்பிடலாம் என்றார். முக்கால் மணி நேரம் வண்டி பனியில் நின்றது. திரும்பி வந்து பாவா கிளப்பினார். இருமியது. மறுபடி கிளப்பினார். அதுவும் இல்லை. பேட்டரி இறங்கியது. எண்ணெய் ஃபில்டரிலும் குழாயிலும் நெய்போல் உறைந்திருக்கும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அண்ணன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தள்ளினார். வெள்ளை வேட்டியில் டயர்ச் சேறு. டீக்கடைக்காரரிடம் வெந்நீர் வாங்கி நான் குழாயின்மேல் ஊற்றினேன். மூன்றாவது கெட்டிலைக் கொடுக்கும்போது அவர், “இன்னா சார், வண்டிய குளிப்பாட்டி கோயிலுக்குக் கூட்டினு போறீங்களா?” என்றார். யாரும் சிரிக்கவில்லை. நாலாவது கெட்டிலுக்குப் பிறகு, தள்ளிய தள்ளில் இஞ்சின் பிடித்தது. வெள்ளைப் புகை டீக்கடையை மூடியது.

அண்ணன் சேற்றைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “ரயில்காரன் உனக்கு வெந்நீர் காயற வரைக்கும் நிப்பானா?”

பாவா வண்டியில் ஏறவில்லை. “எண்ணெ மேல தப்பு இல்லண்ணா. நீ சத்தமே இல்லன்ன பாரு, அப்ப வண்டி ஓடவேயில்ல. நான் ஆஃப் பண்ணி உருட்டிக்கினு வந்தேன். டீசலுக்கு மாத்த மறந்துட்டேன்.”

“அப்ப ஆமான்னியே?”

“நீ நல்லா கீதுன்னு சொன்னியே, அதான்.”

அண்ணன் இடுப்புத் துண்டை அவிழ்த்து உதறினார். மொட்டைத் தலைக் குழந்தை அழ ஆரம்பித்ததும், “ஏறு” என்றார்.

நகரி ரோடு தாண்டியதும் பின்சீட்டிலிருந்து முடிவு வந்தது. அவருக்குக் கிணற்றுப் பாசனத்துக்கு ஆயில் இஞ்சின் இருந்தது. அதற்கென்று மாதாமாதம் டீசல் வாங்க அரசாங்கச் சீட்டு உண்டு. “என் சீட்டுல பாதி எடுத்துக்கோ. மூட்டை உன் வண்டியில போவட்டும். ஆனா டீசல்ல மட்டும் ஓட்டணும். இலுப்பெண்ணெய வௌக்குக்கே வுட்டுடு.”

மாசி முதல் ஞாயிறு செப்புக் குழாயை நானே பிரித்தேன். பாவா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வளையமாக வாங்கி வைத்தார். நன்றாகத்தானே ஓடியது என்று நான் சொல்ல வாயெடுத்தேன்.

“மச்சான், நாளைக்கு ஆறு மூட்டை. கேரியர்ல கட்ட நல்ல கயிறு இருக்குதா?” என்று கேட்டார் அவர்.